வெட்டுக்கிளியும் பத்தொன்பதாம் பக்கமும்

புகார்ப் பிரிவிலிருந்து எழுத்துப் பிரிவுக்கு அவளை மாற்றிய அன்று, அங்கே அவளுக்கு மேசை இருந்தது, நாற்காலி இல்லை.

"நாற்காலி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கு. வரும்," என்றார் பிரிவின் தலைவர், தலை நிமிராமலே.

"எப்ப சார் வரும்?"

"வரும்போது வரும்."

அவள் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போய், பதினொரு வருடம் தான் உட்கார்ந்திருந்த பழைய நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். படிக்குப் படி அது இடித்த இடியில் மூன்று மாடிக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். மேசைக்கு முன்னால் அதைப் போட்டு உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். தலைவர் அப்போதும் நிமிரவில்லை. அவர்கள் இருவருக்கும் நடுவில் சண்டை அன்றே ஆரம்பித்துவிட்டது என்று அந்த அறையில் இருந்தவர்கள் பிற்பாடு சொல்வார்கள்.

வாட்டர் ஹீட்டர் செய்யும் கம்பெனி அது. ஹீட்டரோடு பெட்டிக்குள் வரும் கையேடு, பெட்டிமேல் அச்சாகும் வாசகம், கடைகளில் கொடுக்கும் துண்டுத்தாள் எல்லாமே அந்தத் தலைவர் கையிலிருந்துதான் புறப்படும். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான். எல்லோரும் அவரைப் புலவர் என்று கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் அவருக்குச் சந்தோஷம்தான். ஒரு திருகாணியைப் பற்றி எழுதச் சொன்னாலும் தலையைச் சுற்றித்தான் மூக்கைத் தொடுவார். 'முடுக்கவும்' என்று எழுத மாட்டார். 'முடுக்கப்பட்ட நிலையில் இருத்தல் உறுதிசெய்யப்பட வேண்டும்' என்று எழுதுவார். அப்படி எழுதினால்தான் கம்பெனிக்கு மரியாதை என்பது அவர் கட்சி.

அவளோ எழுத்துக்காரி இல்லை. கல்லூரியில் ஒரு வருடம் படித்து நின்றவள். பள்ளிக்கூடத்தில் கட்டுரை நோட்டில் டீச்சர் 'கற்பனை வளம் போதாது' என்று சிவப்பில் எழுதியதை அவள் வீட்டில் காட்டவில்லை. வயது நாற்பத்து மூன்று. சிரித்துப் பேசத் தெரியாது. பேசினால் வெட்டொன்று துண்டு இரண்டுதான். புகார்ப் பிரிவில் நாள் முழுக்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, 'எப்படி ஆன் பண்றது', 'எப்படி ஆஃப் பண்றது' என்று கேட்பவர்களுக்குக் கையேட்டைப் படித்துக் காட்டுவதுதான் வேலை. உள்ளதை உள்ளபடி படிக்க வேண்டும், சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது என்பது அங்கே சட்டம்.

அந்தச் சட்டத்தை அவள் மீறியதற்கு மூன்று அழைப்புகள் காரணம். மூன்றும் ஒரே மாடல், ஒரே பக்கம். ஹீட்டருக்கு அடியில் தங்கும் உப்பை வெளியேற்ற ஒரு குமிழ் உண்டு. உள்ளே தண்ணீர் சூடாக இருக்கும்போது அதைத் திருப்பினால் கொதிநீர் நேராகக் காலில் கொட்டும். முதலில் ஒரு கிழவர், விரல் வெந்துவிட்டது என்றார். அடுத்து ஒரு வாலிபன், கத்தினான், திட்டினான், வைத்துவிட்டான். மூன்றாவதாக அழைத்த பெண் கத்தவில்லை. தன் தாயார் இரண்டு பாதமும் வெந்துபோய் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றாள். இவள் வழக்கம்போல் பத்தொன்பதாம் பக்கத்தைத் திறந்து படித்தாள்: 'கொள்கலத்தினுள் உள்ள நீர் போதிய அளவு குளிர்ச்சி அடையாத நிலையில், வலப்புறம் அமைந்துள்ள கருநிறக் குமிழானது திறக்கப்படாதிருத்தல் உறுதிசெய்யப்படுவது அவசியமாகும்.'



"படிச்சேங்க," என்றாள் அந்தப் பெண். "அதைப் படிச்சுட்டுதான் அம்மாவைத் திறக்கச் சொன்னேன். உறுதிசெய்யணும்னு போட்டிருந்துச்சு. உறுதியாத் திறக்கணும்னு நினைச்சுட்டேன்."

அதற்குப் பிறகு அவள் யாருக்கும் கையேட்டைப் படிக்கவில்லை. "சுவிட்சை அணைங்க. ரெண்டு மணி நேரம் தொடாதீங்க. அப்புறம் திறங்க," என்று தன் வாயாலேயே சொன்னாள். பக்கத்து இருக்கைக்காரி பயந்துபோய்க் கையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே டப்பாவில் சாப்பிடுபவர்கள். "பதிவாகுதுடி. வேலைக்கு உலை வெச்சுக்காத," என்றாள்.

பதிவாகத்தான் ஆனது. சின்ன முதலாளி கேட்டுவிட்டுக் கூப்பிட்டனுப்பினார்.

"கையேட்டுல இல்லாததை எல்லாம் சொல்றீங்களாமே?"

"இருக்கறதைத்தான் சார் சொல்றேன். அதுல இருக்குன்னு யாருக்கும் தெரியல."

அவர் கையேட்டை வாங்கிப் பத்தொன்பதாம் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். மூன்றாம் தடவை உதட்டை அசைத்துப் படித்தார். பிறகு மூடி வைத்துவிட்டு, "அப்ப நீங்களே எழுதுங்க," என்றார். அது பரிசா தண்டனையா என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

எழுத்துப் பிரிவு என்பது மூன்றாம் மாடியில் ஜன்னல் திறக்க முடியாத ஓர் அறை. புலவரோடு இன்னும் நான்கு பேர். அவர்கள் யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. முதல் மாதம் முழுக்க உதிரி பாகங்களின் பட்டியலைச் சரிபார்க்கிற வேலையை அவள் தலையில் கட்டினார்கள். அவள் அதையும் விடவில்லை. ஒரே வாஷரை நான்கு பக்கத்தில் நான்கு பெயரில் எழுதியிருப்பதைச் சிவப்பு மையில் வட்டமிட்டுப் புலவர் மேசையில் வைத்தாள்.

"திரும்பத் திரும்ப ஒரே சொல்லைப் போட்டா நடை கெட்டுடும்மா," என்றார் புலவர், பொறுமையை வரவழைத்துக்கொண்டு.

"நடையை யாரு சார் பார்க்கறா? ஒருத்தன் கடைக்குப் போய் நாலு வாஷர் வாங்கிட்டு வந்து நிக்கறான். எனக்குப் போன் பண்ணித் திட்டியிருக்கான்."

"உங்களை யாரும் திட்டாம இருக்கத்தான் மேல அனுப்பியிருக்காங்க போல."

அறையில் சிரிப்பு எழுந்தது. அவளுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அன்றிலிருந்து கையில் கிடைத்த ஒவ்வொரு தாளிலும் வெட்ட ஆரம்பித்தாள். 'ஆனது', 'ஆகும்', 'மேற்கூறிய', 'கீழ்க்கண்டவாறு', 'என்பது குறிப்பிடத்தக்கது' எல்லாம் விழுந்தன. முப்பது சொல் வரி எட்டுச் சொல்லாக நின்றது. ஒரே வாரத்தில் புலவர் அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்: வெட்டுக்கிளி. காற்று வாக்கில் பெயர் பரவியது. கேன்டீனில் அவள் தட்டோடு வந்தால் "பச்சையா எதையும் வெளிய வைக்காதீங்கப்பா" என்று யாராவது சொல்வார்கள். அவள் காதில் வாங்காதவள்போல் சாப்பிடுவாள். ஆனால் ஒவ்வொன்றும் உள்ளே போய்த் தைத்தது. யார் சொன்னார், எந்த மேசையில் சொன்னார் என்பதுகூட அவளுக்கு வருடக்கணக்கில் மறக்கவில்லை.

பத்தொன்பதாம் பக்கத்தை அவள் இப்படி மாற்றினாள்: 'மெயின் சுவிட்சை அணைக்கவும். இரண்டு மணி நேரம் காத்திருக்கவும். கீழே உள்ள குமிழைத் திருப்பவும்.' பதினொரு சொல்தான். எண்ணிப் பார்த்துக்கொண்டாள். இதைவிடத் தெளிவாக எழுத எவனாலும் முடியாது என்று நினைத்தாள். அந்த நினைப்போடு வீட்டுக்குப் போனவள், அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தாளைத் தன் நாத்தனார் கையில் கொடுத்தாள்.

நாத்தனார் கணவனுக்கு மூத்தவர். அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்று, அந்த வீட்டின் பின்னறையில் இருந்தார். இரண்டு பேருக்கும் ஆரம்பம் முதலே ஆகாது. ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு, உப்பு வேண்டும் என்றாலும் கணவன் வழியாகத்தான் கேட்டுக்கொள்வார்கள். அவள் அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமும் அதுதான். தனக்காக விட்டுக்கொடுத்துப் படிக்க மாட்டார்.

"அண்ணி, இதுல போட்டிருக்கற மாதிரி பாத்ரூம் ஹீட்டரைச் சுத்தம் பண்ணுங்க. என்கிட்ட எதையும் கேட்கக் கூடாது."

"உன்கிட்ட நான் எதைக் கேட்டிருக்கேன் இதுவரைக்கும்?" என்று சொல்லித் தாளை வாங்கிக்கொண்டார்.

முதல் வரியைப் படித்தார். நேராக வாசலுக்குப் போய் வீட்டு மொத்தத்துக்குமான சுவிட்சைக் கீழே தள்ளினார். மின்விசிறி நின்றது, பிரிட்ஜ் நின்றது. உள்ளே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவன், "யாரு, என்னாச்சு?" என்றபடி வெளியே வந்தான்.

"உன் பொண்டாட்டி எழுதியிருக்கா. மெயின் சுவிட்சாம்," என்றார் நாத்தனார்.

ஹீட்டர் பக்கத்தில் இருக்கும் சுவிட்சை மனதில் வைத்து அவள் எழுதியது அது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தாளில் இரண்டு மணி நேரம் என்று இருந்ததால் நாத்தனார் சரியாக இரண்டு மணி நேரம், வியர்க்க வியர்க்க, நாற்காலியைப் போட்டு பாத்ரூம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்து அவர் அவ்வளவு சந்தோஷமாக என்றுமே உட்கார்ந்ததில்லை. பிறகு எழுந்து ஹீட்டரின் அடியில் கையை விட்டு ஒரு குமிழைத் திருப்பினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் திருப்பினார்.

"தண்ணி வரல."

அவள் எட்டிப் பார்த்தாள். நாத்தனாரின் கை இருந்தது வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் வெள்ளைக் குமிழில். அது கடைசி எண்வரை போய் நின்றிருந்தது. இப்போது யாராவது சுவிட்சைப் போட்டால் தண்ணீர் கொதிநிலைக்கே போகும்.

"அது இல்ல அண்ணி. மத்தது."

"குமிழ் ரெண்டு இருக்கு. நீ ஒண்ணுதான் எழுதியிருக்க," என்றார் நாத்தனார். தாளை அவள் கையில் திணித்துவிட்டு, "இதுக்கா உனக்குச் சம்பளம்?" என்று கேட்டுக்கொண்டே போனார். இருபது வருடத்தில் அவளிடம் நேராகப் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

அவள் பையிலிருந்து புலவரின் பழைய பக்கத்தை எடுத்தாள். 'வலப்புறம் அமைந்துள்ள கருநிறக் குமிழ்' என்று அவர் எழுதியிருந்தார். அந்த வழவழா கொழகொழாவுக்கு நடுவில் வலமும் கருப்பும் இருந்தன. அவள்தான் குப்பையோடு சேர்த்து அதையும் வாரிக் கொட்டியிருக்கிறாள். வரி சின்னதாக இருந்தால் தெளிவாக இருக்கும் என்று நினைத்ததும், எத்தனை சொல் குறைந்தது என்று எண்ணி எண்ணிச் சந்தோஷப்பட்டதும் நினைவுக்கு வந்து அவளைக் குத்தின. பாத்ரூம் தரையிலேயே உட்கார்ந்து திரும்ப எழுதினாள். இந்தத் தடவை எண்ணவில்லை.

'1. ஹீட்டருக்குப் பக்கத்துச் சுவரில் உள்ள சுவிட்சை அணைக்கவும். 2. இரண்டு மணி நேரம் காத்திருக்கவும். அதற்குள் திறந்தால் கொதிநீர் காலில் கொட்டும். 3. ஹீட்டருக்கு அடியில் இரண்டு குமிழ்கள் உள்ளன. வலது பக்கம் உள்ள கருப்புக் குமிழை மட்டும் திருப்பவும். வெள்ளைக் குமிழைத் தொட வேண்டாம்.'

திங்கட்கிழமை அதைப் புலவரின் மேசையில் வைத்தாள். மாலையில் திரும்பி வந்தது. ஓரத்தில் புலவர் தம் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'கருநிறம் திரும்பிவிட்டதே. தின்றதைக் கிளி கக்கிவிட்டதோ?' அதற்குக் கீழே, இன்னும் சின்ன எழுத்தில், 'திருத்தம் இல்லை. அச்சுக்கு அனுப்பலாம்.'

அவள் மேல்வரியைப் பத்துத் தடவை படித்துப் பத்துத் தடவையும் கொதித்தாள். கீழ்வரியை மறுநாள்தான் கவனித்தாள். 

அந்த வருடக் கடைசியில் புது மாடல் வந்தது. பெட்டியின் நான்கு பக்கமும் புலவரின் வாசகம் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது: 'ஒரே நிமிடத்தில் நீங்களே சுத்தம் செய்யலாம்.' பெட்டியைப் பார்த்த அன்றே அவள் சின்ன முதலாளியின் கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"இது பொய் சார். ரெண்டு மணி நேரமும் ஒரு நிமிஷமும் ஆகும்."

"அது விளம்பரம்மா," என்றார் புலவர். "கையேடு வேற, விளம்பரம் வேற. கையேட்டுல நீங்க உங்க இஷ்டத்துக்கு நறுக்கிக்குங்க. இதுல கை வைக்காதீங்க."

"வாங்கறவன் ஒருத்தன்தானே? அவன் பெட்டியைப் படிப்பான், பத்தொன்பதாம் பக்கத்தைப் படிக்க மாட்டான்."

"ஒரு வாசகம்னா ஆளை நிறுத்திப் பிடிக்கணும். ரெண்டு மணி நேரம் காத்திருந்து சுத்தம் பண்ணுங்கன்னு போட்டா எவன் வாங்குவான்? விக்கத் தெரியாதவங்க எல்லாம் எனக்கு எழுதக் கத்துக் கொடுக்கறாங்க."

வார்த்தை தடித்தது. பெட்டிகளை அச்சடித்து அடுக்கியாகிவிட்டது, இனி என்ன செய்வது என்று சின்ன முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்போது அவள் சொன்னாள்: "பக்கத்து அறையில ஒண்ணு மாட்டி வெச்சிருக்கேன். சார் ஒரு நிமிஷத்துல சுத்தம் பண்ணிக் காட்டட்டும். நான் வாயை மூடிக்கிறேன்."

புலவர் மறுத்திருக்கலாம். ஆனால் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து போனார். இருபத்திரண்டு வருடமாக ஹீட்டரைப் பற்றி எழுதியவர் தம் கையால் ஒன்றைத் தொட்டது அன்றுதான். அவள் பெட்டியை மட்டும் அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைப் பார்த்தார், ஹீட்டரைப் பார்த்தார், அடியில் கையை விட்டுத் தடவினார். கருப்புக் குமிழ் கையில் பட்டது. திருப்பினார். முழங்காலுக்குக் கீழே பேண்ட், காலுறை, பளபளப்பாகத் துடைத்திருந்த ஷூ எல்லாம் ஒரே நொடியில் நனைந்து போயின.

யாரும் சிரிக்கவில்லை.

"அது பச்சைத் தண்ணி சார்," என்றாள் அவள். "வீட்டுல எழுபது டிகிரி இருக்கும்."

புலவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். ஷூவுக்குள் தண்ணீர் களக் களக்கென்று சத்தம் போட, படியிறங்கிப் போனார். அவருடைய முதுகைப் பார்த்தபோது அவளுக்குக் கொஞ்சம்கூடப் பாவமாக இல்லை. அது தனக்கே வியப்பாக இருந்தது என்று பல வருடம் கழித்து ஒருமுறை கணவனிடம் சொன்னாள்.

ஒவ்வொரு பெட்டியிலும் அந்த வாசகத்தின்மேல் புதுத் தாளை ஒட்டும்படி உத்தரவானது. புது வாசகத்தையும் புலவரே எழுதினார். 'இரண்டு மணி நேரம் ஆறவிடுங்கள். பிறகு சுத்தம் செய்வது உங்களுக்கே எளிது.' நல்ல வாசகம். பொய் இல்லாமலும் விற்கும். அவளால் அதில் ஒரு சொல்லைக்கூட வெட்ட முடியவில்லை. வெட்ட முடியாததற்காகவும் அவர்மேல் எரிச்சல் வந்தது. பேக்கிங் பிரிவுப் பெண்கள் பத்து நாள் குனிந்த தலை நிமிராமல் தாள் ஒட்டினார்கள். ஒட்டுகிற ஒவ்வொரு தாளுக்கும் அவளைக் கரித்துக் கொட்டினார்கள்.

மூத்த அதிகாரியை அவமானப்படுத்தியதற்காக அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. 'தங்களால் மேற்கொள்ளப்பட்ட நடவடிக்கையானது விரும்பத்தகாததாகக் கருதப்படுகிறது என்பது இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது.' அவள் சிவப்புப் பேனாவை எடுத்தாள். 'யார் கருதுகிறார்கள்? எந்த நடவடிக்கை? இனி நான் என்ன செய்ய வேண்டும்?' என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினாள். இரண்டாவது எச்சரிக்கைக் கடிதம் மூன்றே வரியில், மிகத் தெளிவாக வந்தது.

புலவர் வேலையை விட்டுப் போகவில்லை. அவளும் போகவில்லை. அதே அறையில் இன்னும் ஆறு வருடம் இருந்தார்கள். பேச்சு வார்த்தை கிடையாது. எல்லாம் தாளின் ஓரத்தில்தான். 'இது எந்த ஊர்த் தமிழ்?' என்று அவர் எழுதுவார். 'படிப்பவர் ஊர்த் தமிழ்,' என்று அவள் எழுதுவாள். அவர் பூசி மெழுகினால் இவள் சுரண்டுவாள். இவள் எலும்பாக விட்டதில் அவர் தேவையான சதையை வைப்பார். ஒருவர் தவற்றை ஒருவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியதில், கையேடுகள் வருடத்துக்கு வருடம் நன்றாகிக்கொண்டே போயின.

அதற்கு ஒரு விளைவு இருந்தது. அவள் அதை எதிர்பார்க்கவில்லை. படித்தால் புரிந்ததால் ஜனங்கள் புகார்ப் பிரிவுக்குப் போன் செய்வதை நிறுத்திக்கொண்டார்கள். கீழ்த்தளத்தில் இருக்கைகள் காலியாகின. பன்னிரண்டு பேரில் ஐந்து பேரைப் போகச் சொன்னார்கள். அந்த ஐந்து பேரில் அவளுடைய பழைய பக்கத்து இருக்கைக்காரியும் ஒருத்தி.

செய்தி தெரிந்து அவள் கீழே ஓடினாள். தோழி இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

"வாம்மா. நல்லா எழுதிட்ட," என்றாள் தோழி. "எவனுக்கும் இப்ப சந்தேகமே வரதில்ல."

"நான் இதுக்காகவா எழுதினேன்?"

"எதுக்காக எழுதினியோ எனக்கென்ன. எனக்கு ரெண்டு புள்ளைங்க படிக்குது."

அவள் அங்கிருந்து நேராகச் சின்ன முதலாளியிடம் போனாள். உட்காரவில்லை. அச்சுக்குப் போகும் ஒவ்வொரு தாளையும் முதலில் ஒருவர் படித்து, அதன்படியே ஹீட்டரைப் பிரித்து மாட்டிப் பார்க்க வேண்டும், அதற்கு ஐந்து ஆட்கள் வேண்டும் என்றாள். அவர் ஒருவர் போதும் என்றார். இருவர் என்று அவள் நின்றாள். ஒருவர்தான் என்றார். எந்த ஒருவர் என்று கேட்டபோது அவள் தோழியைச் சொன்னாள். மற்ற நால்வரில் ஒருத்தி அதற்குப் பிறகு பேருந்து நிறுத்தத்தில் அவளைக் கண்டால் அடுத்த நிறுத்தத்துக்கு நடந்து போவாள். அவளும் கூப்பிட்டு நிறுத்தியதில்லை. சொல்வதற்கு அவளிடம் தெளிவாக ஒன்றும் இல்லை.

தோழி மூன்றாம் மாடிக்கு வந்தாள், ஆனால் சாப்பாட்டு டப்பாவைத் தனியாகவே திறந்தாள். நன்றி சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. முதல் நாள் கொடுத்த தாளை வாங்கிக்கொண்டு சோதனை அறைக்குள் போனாள். அரை மணி நேரம் கழித்து ஈரக்கையோடு வெளியே வந்து, தாளை அவள் மேசையில் போட்டாள்.

"நாலாவது வரி புரியல."

"அதுல என்ன புரியல? நல்லாத்தானே இருக்கு."

"எனக்குப் புரியல. அவ்வளவுதான். மாத்தி எழுது."

அந்தப் பக்கம் புலவர் தம் மேசையில் குனிந்தபடியே பேனாவை வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். அவள் தாளை இழுத்து வைத்துக்கொண்டு நாலாவது வரியை முதலிலிருந்து படித்தாள்.